சர்க்கரை ஊசி, பக்கவிளைவு, வழக்கு: அக்காவுக்காக ஓடியதில் தெரிந்துகொண்டவை

ஊசி போட்டுக்கொண்டு வாந்தி எடுத்தவர்கள் எல்லாராலும் வழக்குப் போட முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அமெரிக்காவில் டிவியிலும் போனிலும் வருகிற விளம்பரங்களைப் பார்த்தால், அந்த மருந்தைத் தொட்டவர்களுக்கெல்லாம் பணம் எடுத்து வைத்திருக்கிற மாதிரி தோன்றும். என் அக்கா சர்க்கரைக்காக வாரம் ஒருமுறை போடுகிற ஊசியால் பாதிக்கப்பட்டு வழக்குப் போட்டிருக்கிறாள். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் எந்த மருந்து, எந்த மருத்துவமனை, எந்த வக்கீல் என்று இங்கே எழுத மாட்டேன். படிவம், ரெக்கார்டு, போன் என்று அலைந்தது பெரும்பாலும் நான்தான், அதனால் அந்த அலைச்சலில் புரிந்ததை எழுதுகிறேன். நான் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை.

மருந்தைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அக்காவுக்குப் பத்து வருஷத்துக்கு மேலாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் போதாமல் ஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) ஏறிக்கொண்டே இருந்தது, இந்த ஊசி ஆரம்பித்த பிறகு அது இறங்கியது, எடையும் இறங்கியது, வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எங்களுக்குத் தெரிந்த பல பேர் இதே வகை மருந்தை எந்தத் தொந்தரவும் இல்லாமல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். டோஸை ஏற்றிய பிறகுதான் அவளுக்குப் பிரச்சினை தொடங்கியது. குமட்டல் வரும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள், அதனால் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முந்தின ராத்திரி சாப்பிட்ட சோறு மறுநாள் காலையில் சோறாகவே வெளியே வந்தபோது அத்தான் பயந்துபோய் எனக்குப் போன் செய்தார். வெறும் குமட்டலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வயிறு தன் வேலையைச் செய்யாமல் உணவு உள்ளேயே தேங்கிக் கிடக்கிறது என்பதற்கான அடையாளம் அது. காஸ்ட்ரோபரேசிஸ் என்று பெயர்.

அதற்குள் இரண்டு மூன்று தடவை டாக்டரைப் பார்த்திருந்தாள். ஒவ்வொரு முறையும் "எப்படி இருக்கீங்க" என்று கேட்டதற்கு நம் ஆட்கள் வழக்கமாகச் சொல்வதைத்தான் சொல்லியிருக்கிறாள்: பரவாயில்லை டாக்டர், கொஞ்சம் வாந்தி, அவ்வளவுதான். பின்னால் கேட்டபோது, "சொன்னா ஊசிய நிறுத்திடுவாங்களோன்னு பயமா இருந்துச்சுடா தம்பி, இப்பத்தானே சுகர் எறங்குது" என்றாள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. மருத்துவமனை போர்ட்டலில் (நோயாளி தன் குறிப்புகளைப் பார்க்கவும் டாக்டருக்குச் செய்தி அனுப்பவும் உள்ள இணையதளம்) அந்த நாட்களின் குறிப்புகளைத் திறந்து படித்தபோது, மூன்று குறிப்புகளிலும் எழுத்துப் பிசகாமல் ஒரே வரி இருந்தது: நோயாளிக்கு மருந்து நன்றாக ஒத்துக்கொள்கிறது. போன முறை எழுதியதை அப்படியே இந்த முறைக்கும் கொண்டுவந்துவிடுகிற பழக்கம் கணினிக் குறிப்புகளில் சகஜம். அவள் "கொஞ்சம் வாந்தி" என்று சொன்னது எதிலுமே இல்லை.

வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து வைக்கப்போவது இந்த வரியைத்தான். நீங்கள் எவ்வளவு அவதிப்பட்டீர்கள் என்று குடும்பமே வந்து சொன்னாலும், அந்த நாளில் அந்த டாக்டர் எழுதியதற்கு இருக்கும் எடை தனி. அதனால் இப்போது இந்த மருந்து போட்டுக்கொண்டிருக்கிற யாராக இருந்தாலும், வழக்கு எண்ணமே இல்லாவிட்டாலும், தொந்தரவு வந்தால் போர்ட்டலில் செய்தியாக எழுதுங்கள். எத்தனை தடவை வாந்தி, என்ன வெளியே வந்தது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, கடைசி ஊசி என்றைக்கு, என்ன டோஸ். எழுதினால் வைத்தியமும் சீக்கிரம் நடக்கும், தேதியோடு பதிவும் இருக்கும்.

எங்களைக் காப்பாற்றியது ஒரு நர்ஸின் குறிப்பு. ஒருநாள் ராத்திரி அத்தான் கிளினிக்கின் அவசர எண்ணுக்குப் போன் செய்திருந்தார். பேசிய நர்ஸ், செரிக்காத உணவு வாந்தியாக வருகிறது, ஊசி போட்ட மறுநாள் அதிகமாகிறது, தண்ணீர் கூட நிற்கவில்லை என்று மணி நேரத்தோடு எழுதி வைத்திருந்தார். இது போர்ட்டலில் இல்லை. போர்ட்டலில் கிடைப்பதுதான் முழு ரெக்கார்டு என்று நினைத்துவிடக் கூடாது. ஹிப்பா என்ற அமெரிக்க மருத்துவத் தகவல் சட்டப்படி உங்கள் மருத்துவ ஆவணம் முழுவதையும் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு, 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதமானால் காரணம் எழுதி இன்னொரு 30 நாள் எடுத்துக்கொள்ளலாம். கேட்கும்போது போன் குறிப்புகள், எமர்ஜென்சி பதிவுகள், நர்ஸ் எழுதியவை, ஸ்கேன் படங்கள் எல்லாம் வேண்டும் என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். வெறுமனே ரெக்கார்டு கொடுங்கள் என்றால் சுருக்கத்தைத்தான் அனுப்புவார்கள்.

தவறாக எழுதியிருப்பதைத் திருத்தச் சொல்லவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. எழுத்தில் கேட்க வேண்டும், 60 நாளுக்குள் பதில் வர வேண்டும், மறுத்தால் நமது மறுப்புரையை ரெக்கார்டோடு சேர்த்து வைக்கச் சொல்லலாம். அக்காவின் கோரிக்கையை மறுத்துவிட்டார்கள். அவள் எழுதிக் கொடுத்த ஒரு பக்கம் இப்போது அந்தக் குறிப்புகளோடு சேர்ந்து இருக்கிறது. அதுவும் ஒரு பதிவுதான், செய்யாமல் விடாதீர்கள்.

அடுத்தது பரிசோதனை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் பல பேருடைய வழக்கு நிற்பதும் விழுவதும் இதில்தான்.

வயிறு எவ்வளவு நேரத்தில் காலியாகிறது என்று அளக்கும் பரிசோதனை அது. ராத்திரி முழுக்கப் பட்டினி இருந்து காலையில் போக வேண்டும். மிகக் குறைந்த கதிரியக்கம் கலந்த முட்டை வெள்ளைக்கரு, இரண்டு துண்டு பிரெட், ஜாம், கொஞ்சம் தண்ணீர் கொடுப்பார்கள், பத்து நிமிஷத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். அப்புறம் கேமரா முன்னால் படம் எடுப்பார்கள்: சாப்பிட்ட உடனே, ஒரு மணி நேரத்தில், இரண்டு மணி நேரத்தில், நான்கு மணி நேரத்தில். நான்கு மணி நேரத்துக்குப் பிறகும் 10 சதவீதத்துக்கு மேல் வயிற்றிலேயே இருந்தால் வயிறு தாமதமாகக் காலியாகிறது என்று அர்த்தம். அக்கா பிறந்ததிலிருந்து முட்டை தொட்டதில்லை. அங்கே இருந்த பெண் ஓட்ஸ் மாதிரி மாற்று உணவும் கொடுக்கலாம் என்றார், ஆனால் அந்த 10 சதவீத அளவு முட்டை உணவை வைத்து வகுத்தது, மாற்று உணவென்றால் முடிவைப் படிப்பது அவ்வளவு சுலபமில்லை என்றும் நேர்மையாகச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தாள், "மருந்துன்னு நெனச்சு முழுங்கிடறேன்" என்று சொல்லி, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து முடித்தாள். நான்கு மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் சாப்பிட்டதில் கால்வாசிக்கு மேல் அப்படியே இருந்தது.

இந்தப் பரிசோதனையை டாக்டர் வைத்தியத்துக்காகத்தான் எழுதிக் கொடுத்தார். ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த ஒரு உத்தரவுக்குப் பிறகு அதன் மதிப்பே வேறாகிவிட்டது. பின்னணியைச் சொல்கிறேன். ஒசெம்பிக், வெகோவி, மௌன்ஜாரோ, ட்ருலிசிட்டி போன்ற ஜிஎல்பி-1 வகை மருந்துகளுக்கு எதிராக நாட்டின் பல ஃபெடரல் நீதிமன்றங்களில் போட்ட வழக்குகளை 2024 பிப்ரவரியில் பென்சில்வேனியா கிழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்த்தார்கள். எம்டிஎல் 3094 என்று எண் (பல மாவட்ட வழக்குகளை ஒரே நீதிபதியிடம் சேர்ப்பதற்கு எம்டிஎல் என்று பெயர்). இவற்றைத் தயாரிக்கும் நோவோ நார்டிஸ்க், எலி லில்லி இரண்டு நிறுவனங்களும் குற்றச்சாட்டுகளை மறுத்து வாதாடுகின்றன. இதை விசாரிக்கும் நீதிபதி கேரன் மார்ஸ்டன், வெறும் அறிகுறிகளை வைத்துக் காஸ்ட்ரோபரேசிஸ் என்று சொன்னால் போதாது, வயிறு காலியாகும் பரிசோதனை முறையாகச் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று அந்த உத்தரவில் சொல்லிவிட்டார். மாதக்கணக்கில் வாந்தி எடுத்து, எமர்ஜென்சிக்கு ஓடி, டாக்டரும் வாயால் அதே நோய் என்று சொல்லி, ஆனால் இந்தப் பரிசோதனை மட்டும் செய்யாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. எழுதிக் கொடுப்பது டாக்டர் கையில்தான் இருக்கிறது, கேட்க வேண்டும் என்பது கூட நோயாளிக்குத் தெரிந்திருக்காது.

முறையாக என்ற சொல்லிலும் நிறைய அடங்கியிருக்கிறது. சில இடங்களில் நேரம் மிச்சம் பிடிக்க இரண்டு மணி நேரத்தோடு நிறுத்திவிடுவார்கள், நான்கு மணி நேரம் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். அன்று காலை சர்க்கரை மிக அதிகமாக இருந்தால் அதுவே வயிற்றை மெதுவாக்கும், அதனால் சர்க்கரை அளவைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். வலி மாத்திரைகளில் சில வகை, வாந்திக்குக் கொடுக்கும் மருந்தில் சில வகை, முடிவை மாற்றிவிடும், டாக்டரைக் கேட்டு முன்னதாக நிறுத்த வேண்டும். முக்கியமாக, இந்த ஊசியே வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், அது அதன் இயல்பு. ஊசி உடம்பில் இருக்கும்போது செய்த பரிசோதனைக்கும், விட்டு நன்றாக இடைவெளி கொடுத்துச் செய்த பரிசோதனைக்கும் அர்த்தம் வேறு. ஒசெம்பிக், வெகோவியில் இருக்கும் செமாக்ளுடைட் உடம்பைவிட்டு முழுசாக வெளியேற ஐந்து வாரம் வரை ஆகும். அக்காவுக்கு ஊசியை நிறுத்தி அதைவிட அதிக நாள் கழித்துத்தான் பரிசோதனை நடந்தது, அதற்குப் பிறகும் வயிறு மெதுவாகவே இருந்தது என்பதுதான் அவள் தரப்பில் இருக்கிற பலமான விஷயம்.

இருந்தாலும் எதிர்த்தரப்புக்கு ஒரு வலுவான பதில் உண்டு. நீண்ட நாள் சர்க்கரையே காஸ்ட்ரோபரேசிஸ் கொண்டுவரும், மருத்துவப் புத்தகத்தில் எழுதியிருக்கிற காரணங்களில் முக்கியமானது அது. இதைச் சமாளிக்க ஊசிக்கு முந்தைய காலத்தின் ரெக்கார்டுதான் உதவும். அதனால் ஊசி ஆரம்பித்ததற்கு முன்னால் பல வருஷத்துக் குறிப்புகளையும் வாங்கினோம்: வயிற்றுத் தொந்தரவு என்று ஒரு வரி கூட இல்லை, கால் நரம்புப் பரிசோதனை ஒவ்வொரு வருஷமும் சரியாக இருக்கிறது, கண்ணும் சரி. சர்க்கரை நரம்பைத் தாக்கியிருந்தால் வேறு இடங்களிலும் கொஞ்சமாவது தெரிந்திருக்கும் என்பது எங்கள் வாதம். ஏற்கும்படி இருக்கிறதா என்று நிபுணர்கள்தான் சொல்ல வேண்டும்.

வழக்கின் அடிப்படை என்ன என்பதையும் பல பேர் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். மருந்தால் தீங்கு வந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. அந்தத் தீங்கைப் பற்றி நிறுவனம் போதுமான எச்சரிக்கை கொடுக்கவில்லை என்று காட்ட வேண்டும். அந்த எச்சரிக்கையும் பெரும்பாலான மாநிலங்களில் நோயாளிக்கு அல்ல, மருந்து எழுதும் டாக்டருக்குப் போய்ச் சேர வேண்டியது. ஆகவே அக்காவின் டாக்டரிடம் ஒருநாள் கேட்பார்கள்: இன்னும் தெளிவான எச்சரிக்கை இருந்திருந்தால் இந்த மருந்தை எழுதியிருப்பீர்களா? அப்போதும் எழுதியிருப்பேன் என்று அவர் சொன்னால் பல வழக்குகள் அங்கேயே முடங்கிவிடும். லேபிளின் தேதியும் இங்கேதான் முக்கியம். உதாரணமாக ஒசெம்பிக் லேபிளில் குடல் இயக்கம் நின்றுபோகும் இலியஸ் என்ற பாதிப்பு 2023 செப்டம்பரில்தான் சேர்க்கப்பட்டது. நீங்கள் மருந்து போட்ட காலத்தில் லேபிளில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி, இன்று என்ன இருக்கிறது என்பது இல்லை.

எந்த நிறுவனத்தின் மருந்து என்பதற்கும் ஆதாரம் வேண்டும். பார்மசியில் கேட்டால் ஒவ்வொரு முறை வாங்கியதற்கும் தேதி, டோஸ், என்டிசி எண் (எந்த நிறுவனத்தின் எந்த மருந்து என்று காட்டும் எண்) உள்ள பட்டியல் கொடுப்பார்கள், அதுதான் சரியான ஆவணம். அட்டைப் பெட்டி மிச்சம் இருந்தால் எறியாதீர்கள், லாட் எண் அதில் இருக்கிறது. தட்டுப்பாடு இருந்த காலத்தில் பல பேர் காம்பவுண்டிங் பார்மசியில் கலந்து கொடுத்ததை ஆன்லைனில் வாங்கிப் போட்டார்கள். அது அந்தப் பெரிய நிறுவனங்கள் தயாரித்தது அல்ல, அவர்கள் மீது வழக்குப் போகாது, வேறு வழிதான் பார்க்க வேண்டும். ஜெனரிக் மருந்துக்கும் சிக்கல் உண்டு: லேபிளைத் தானாக மாற்ற ஜெனரிக் நிறுவனத்துக்கு அதிகாரம் இல்லை என்பதால், எச்சரிக்கை போதாது என்று அவர்கள் மீது மாநிலச் சட்டப்படி வழக்குப் போட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011-லேயே பிளிவா வழக்கில் சொல்லிவிட்டது.

காலக்கெடு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டென்னசி, கென்டக்கியில் ஒரு வருஷம்தான், கலிஃபோர்னியா, டெக்ஸாஸ், பென்சில்வேனியா, நியூ ஜெர்சியில் 2, நியூயார்க்கில் 3. மருந்துதான் காரணம் என்று தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்ற விதி பல மாநிலங்களில் உண்டு, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். உடம்பு சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அக்கா சொன்னபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை, இப்போதும் அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

வக்கீல் விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரத்தில் வரும் எண்ணுக்குப் பேசினால் எதிரில் இருப்பது பெரும்பாலும் வக்கீல் அலுவலகமே இல்லை, பெயரும் எண்ணும் சேகரித்து விற்கிற நிறுவனம். எங்களிடம் பேசிய ஒருவர், அதே போனில் மின்னணுக் கையெழுத்துப் போடச் சொன்னார். யாருடைய வழக்கு அலுவலகம் என்று கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை, வைத்துவிட்டோம். பிறகு, வக்கீலின் பெயரை மாநில பார் அமைப்பின் (வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பு) தளத்தில் சரிபார்த்து, நேரில் பேசியே கையெழுத்துப் போட்டோம். ஜெயித்தால்தான் கட்டணம், வழக்கமாக மூன்றில் ஒரு பங்கிலிருந்து 40 சதவீதம் வரை. அந்தச் சதவீதம் செலவைக் கழிப்பதற்கு முன்னாலா பின்னாலா என்று கட்டாயம் கேளுங்கள், கையில் வரும் தொகையில் நிறைய வித்தியாசம் வரும். தோற்றால் செலவு யார் தலையில் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனமும், மெடிகேர் என்ற அரசுக் காப்பீடும் உங்கள் வைத்தியத்துக்குக் கொடுத்த பணத்தை இழப்பீட்டிலிருந்து திருப்பிக் கேட்கலாம், இதை யாரும் தானாக முன்வந்து சொல்வதில்லை.

எல்லா வழக்கும் ஒரே நீதிமன்றத்தில் இருந்தாலும் இது கிளாஸ் ஆக்ஷன் இல்லை, ஒவ்வொருவர் வழக்கும் தனி, ஒவ்வொருவரும் நீண்ட கேள்விப் படிவம் நிரப்ப வேண்டும். பார்த்த டாக்டர்கள், வாங்கிய பார்மசிகள், மற்ற நோய்கள், வேலையில் இழந்த சம்பளம், சமூக ஊடகக் கணக்குகள் கூட. அக்கா ஒரு கல்யாணத்தில் இலை முன்னால் உட்கார்ந்து சிரிக்கிற படம் ஒன்று இருக்கிறது. அன்று இரண்டு கரண்டி ரசம் சாதத்துக்கு மேல் இறங்கவில்லை என்பது எங்களுக்குத்தான் தெரியும். அழித்துவிடலாமா என்று கேட்டாள். கூடாது, வழக்கு நினைப்பு வந்த பிறகு எதையும் அழிப்பது ஆதாரத்தை அழித்ததாகிவிடும் என்று வக்கீல் உறுதியாகச் சொன்னார். அந்தப் படம் இன்னும் அங்கேயே இருக்கிறது, கேட்டால் விளக்கம் சொல்லிக்கொள்ளலாம்.

எவ்வளவு கிடைக்கும் என்றுதான் உறவினர் எல்லாரும் கேட்கிறார்கள். பழைய சர்க்கரை மருந்து வழக்குகளைப் பார்த்தால் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது. பயோகிளிட்டசோன் அடங்கிய ஆக்டோஸ் மாத்திரையால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்தது என்ற வழக்கில் 2014-ல் லூசியானாவில் ஒரு ஜூரி, டகேடா, எலி லில்லி என்ற இரண்டு நிறுவனங்களுக்கும் சேர்த்து 900 கோடி டாலர் தண்டத் தொகை விதித்தது. அது செய்தியாக உலகம் முழுக்கப் போனது, நீதிபதி அதைச் சுமார் 3.7 கோடி டாலராகக் குறைத்தது அவ்வளவாகப் போகவில்லை. 2015-ல் சுமார் 9,000 பேருடைய வழக்குகளுக்காக டகேடா 237 கோடி டாலருக்குச் சமரசத்துக்கு வந்தது. இன்னொரு பக்கம் ஜனுவியா, பையெட்டா போன்றவற்றால் கணையப் புற்றுநோய் வந்தது என்று போட்ட வழக்குகள் சான் டியாகோவில் பல வருஷம் நடந்து 2021-ல் நிறுவனங்களுக்குச் சாதகமாக முடிந்தன, வழக்குப் போட்டவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அக்காவின் வழக்கில் பணம் பற்றிய பேச்சே இன்னும் எழவில்லை. அவளுக்கு இப்போது வேண்டியதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிட்டு, அது உள்ளே நிற்பதுதான், அதில் முன்னேற்றம் இருக்கிறது.

இன்னும் ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்களுக்குச் சில விஷயம். இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சர்க்கரை ஏறினால் அது வேறு ஆபத்து, டாக்டரிடம் பேசுங்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் இந்த ஊசி போடுவதைச் சொல்லிவிடுங்கள், வயிற்றில் உணவு தேங்கியிருந்தால் மூச்சுக்குழாய்க்குள் போகும் அபாயம் உண்டு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 நவம்பரில் இதை லேபிளில் சேர்த்தது. திடீரென்று ஒரு கண்ணில் பார்வை மங்கினால் அன்றே கண் டாக்டரிடம் போங்கள். செமாக்ளுடைட் எடுப்பவர்களில் பார்வை நரம்புக்கு ரத்தம் குறைந்து பார்வை போகும் நோய் 10,000 பேரில் ஒருவர் வரை வரலாம் என்று ஐரோப்பிய மருந்து அமைப்பின் குழு 2025 ஜூனில் சொல்லியிருக்கிறது, அதற்கான வழக்குகள் வயிற்று வழக்குகளோடு சேராமல் தனியாகப் போகின்றன. தொந்தரவு பெரிதாக இருந்தால் எஃப்டிஏ-வின் மெட்வாட்ச்சில் நோயாளியே புகார் பதியலாம். அது வழக்கு ஆகாது, பணமும் வராது, ஆனால் இலியஸ் மாதிரி எச்சரிக்கைகள் லேபிளில் ஏறியது மருந்து சந்தைக்கு வந்த பிறகு இப்படிச் சேர்ந்த புகார்களால்தான். அக்கா வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே அதை நிரப்பி அனுப்பிவிட்டாள்.